டிராகுலாவை ஆறு எபிசோடாக எழுதுவது எப்படி? கடிதங்கள், காணாமல் போகும் பிரபு, செல்போன்

ஈரமெழுத்து:

பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலை (1897) ஆறு எபிசோட் தொடராகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு எபிசோட் 50 நிமிடம், மொத்தம் 300 நிமிடம். 27 அத்தியாயங்களுக்கும் குறிப்பு எடுத்தாயிற்று. ஒன்லைன் (காட்சிவாரிச் சுருக்கம்) எழுத உட்கார்ந்தால் மூன்று இடத்தில் நின்றுவிடுகிறது.

முழு நாவலும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்று போகிறது. அப்படியே எடுத்தால் எபிசோட் முழுக்க வாய்ஸ் ஓவர் ஓடும். அதை நீக்கினால் கதை எல்லாப் பேய்க்கதையும் போல ஆகிவிடுகிறது. அடுத்து, முதல் நாலு அத்தியாயத்தில் கோட்டைக்குள் பக்கம் பக்கமாகப் பேசும் டிராகுலா, லண்டன் வந்தபிறகு அபூர்வமாகத்தான் நேரில் வருகிறார். தொடரின் பெயரே அவர் பெயர். அவர் நாலைந்து எபிசோட் வராவிட்டால் பார்ப்பவர்கள் தங்குவார்களா? மூன்றாவது, அவர் ரத்தக்காட்டேரி என்பது ஊருக்கே தெரியும். தெரிந்த ரகசியத்தை வைத்து எப்படி பயமுறுத்துவது?

காலத்தை 1897-லேயே விடுவதா, இன்றைக்குக் கொண்டுவருவதா என்றும் முடிவாகவில்லை. செல்போன் வந்தால் பாதிக் கதை ஒரே அழைப்பில் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு:

கேள்வி மூன்றானாலும் முடிச்சு ஒன்றுதான். இந்த நாவலில் பயம் கோட்டையிலோ பல்லிலோ இல்லை; யாருக்கு, எந்தத் தேதியில், எது தெரியாமல் இருந்தது என்பதில் இருக்கிறது. கடிதமும் தந்தியும் அந்தத் தெரியாமையைக் கட்டுவதற்காக ஸ்டோக்கர் எடுத்துக்கொண்ட கருவிகள். வாய்ஸ் ஓவர் வாசகத்தை மட்டும் கொண்டுவரும், தெரியாமையைக் கொண்டுவராது. அதனால் அதை முழுக்க விட்டுவிடலாம்.

ஒன்லைனுக்கு முன்னால் ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் தேதி, மேலே பாத்திரங்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: அவருக்குத் தெரிந்தது, அவர் நம்புவது, அதை யாரிடம் சொன்னார். நாவல் முழுக்கத் தேதி போட்டிருப்பதால் (மே 3-இல் தொடங்கி நவம்பர் 6-இல் முடிகிறது) இது கடினமே இல்லை.

செப்டம்பர் 17-ஐ எடுத்துப் பாருங்கள். டிராகுலா இரவில் ரத்தம் குடித்துவரும் இளம்பெண் லூசி. அன்றிரவு அவள் வீட்டில் கட்டாயம் இருக்கவேண்டும் என்று, அவளுக்கு வைத்தியம் பார்க்கும் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஆன்ட்வெர்ப்பிலிருந்து தன் பழைய மாணவர் டாக்டர் சீவர்டுக்குத் தந்தி அடிக்கிறார். முகவரியில் கார்ஃபாக்ஸ் (சீவர்டின் மனநல மருத்துவமனைக்குப் பக்கத்தில் டிராகுலா வாங்கிய வீடு) என்று எழுதியவர் மாவட்டப் பெயரை எழுதவில்லை. தந்தி சசெக்ஸில் உள்ள வேறொரு கார்ஃபாக்ஸுக்குப் போய், 22 மணி நேரம் தாமதமாகக் கைக்கு வருகிறது. அந்த 22 மணி நேரத்துக்குள், மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய ஓநாய் ஜன்னலை உடைக்கிறது. இதயம் பலவீனமான தாய், மகளின் கழுத்திலிருந்த பூண்டுப்பூ மாலையைப் பற்றி இழுத்தபடியே சாகிறார். லாடனம் என்ற அபின் மருந்து கலந்த ஒயினைக் குடித்த நாலு பணிப்பெண்களும் மயங்கிக் கிடக்கிறார்கள். லூசி தனியாக.

வான் ஹெல்சிங் சீவர்ட் அங்கே இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். சீவர்டுக்குத் தகவலே இல்லை. தாய்க்குப் பூண்டு எதற்கென்று யாரும் சொல்லவில்லை, சொன்னால் இதயம் தாங்காது என்று மறைத்தார்கள். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் பார்வையாளர். உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேயே தீர்ந்தது: ஊருக்குத் தெரிந்த ரகசியத்தை ஒளிக்காதீர்கள், அதைப் பார்வையாளரின் கையில் முதல் எபிசோடிலேயே கொடுத்துவிடுங்கள். தந்தி ஊழியர் சசெக்ஸ் என்று தன் கையால் எழுதிச் சேர்க்கும் க்ளோஸ்-அப் ஒன்று போதும், அடுத்த இருபது நிமிடத்துக்கு யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

பிரிப்பதென்றால் என் கணக்கு இது. முதல் எபிசோட் கோட்டை, அத்தியாயம் 1 முதல் 4. இரண்டாவதில் விட்பி துறைமுக ஊரும், டிராகுலாவை அங்கே கொண்டுவரும் டிமீட்டர் கப்பலும். மூன்றாவது லூசியின் நோய், செப்டம்பர் 20-இல் அவள் சாவோடு முடியும். நாலாவது கல்லறை, அத்தியாயம் 16 வரை. ஐந்தாவது 17 முதல் 21. ஆறாவது துரத்தல்.

ஐந்தாவதில்தான் பெரும்பாலான தழுவல்கள் கோட்டைவிடுகின்றன. எல்லாருடைய நாட்குறிப்பையும் வாங்கி, தேதிவாரியாக அடுக்கி, மூன்று பிரதி வரும்படி தட்டச்சு செய்து, சிதறிக் கிடந்த தகவலை ஒரே கதையாக்குவது மீனா: லூசியின் தோழி, கோட்டையில் சிக்கிய வழக்கறிஞர் ஜோனதன் ஹார்க்கரின் மனைவி. அது முடிந்ததும், இனி இது பெண்ணுக்கான வேலையல்ல என்று ஆண்கள் அவளை ஆலோசனையிலிருந்து விலக்குகிறார்கள். அவள் முகம் வெளிறுவதைப் பார்த்தும் களைப்பு என்று நினைக்கிறார்கள். லூசிக்கு இதே அறிகுறி வந்ததைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள்! நாவலின் மிகக் கொடூரமான இடம் இது. மீனாவுக்கும் டிராகுலா பிரபுவுக்கும் காதல் என்று மாற்றினால் இந்த எபிசோட் முழுக்கச் சரிந்துவிடும். காதலுக்கு இடம் கொடுத்த தழுவல்கள் நிறைய உண்டு, அது நாவலில் இல்லாத ஒன்று.

பிரபு காணாமல் போவது பற்றி. அவரைக் கொண்டுவராதீர்கள், அவருடைய பெட்டிகளைக் கொண்டுவாருங்கள். அவர் படுத்துறங்க ட்ரான்சில்வேனிய மண் நிரப்பிய 50 பெட்டிகள் விட்பியில் இறங்குகின்றன. கார்ஃபாக்ஸ் தேவாலயத்தில் எண்ணிப் பார்த்தால் 29. மீதி 21 எங்கே என்று ஹார்க்கர் வண்டிக்காரர்களைத் தேடி விசாரிக்கிறார்: மைல் எண்டில் 6, பெர்மண்ட்ஸியில் 6, பிக்காடிலியில் 9. பிக்காடிலி வீட்டைத் திறந்தால் 8 தான் இருக்கிறது. அந்த ஒரு பெட்டிதான் கடைசி எபிசோட். முகம் காட்டாமலே ஆளை நகரம் முழுக்கப் பரப்பும் வழி இது. ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் எண்ணிக்கை மாறினால் பார்ப்பவரே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

ரீல்பெட்டி:

மேசைவிளக்கு சொன்ன அட்டவணை இன்றைய காலத்துக்கு மாற்றும்போது இன்னும் அவசியம்.

நாவல் வெளிவந்தபோது அது பழங்காலக் கதையே அல்ல. சீவர்ட் ஃபோனோகிராஃபில் மெழுகு உருளையில் நாட்குறிப்பு பேசுகிறார். ஹார்க்கர் பர்ஃப்ளீட்டில் உள்ள அந்தக் கார்ஃபாக்ஸ் வீட்டைக் கோடாக் கேமராவில் படமெடுத்து வந்து பிரபுவிடம் விவரிக்கிறார். கோட்டையில் பிரபு சோபாவில் சாய்ந்து படிப்பது ஆங்கிலேய ரயில் கால அட்டவணை. அன்றைய புத்தம்புதுக் கருவிகள் அத்தனையும் இருந்தும் லூசியை இழக்கிறார்கள் என்பதுதான் கதை. ஆகவே செல்போன் எதிரி இல்லை. சிக்னல் இல்லை, பேட்டரி தீர்ந்தது என்று எழுதுவதுதான் எதிரி. ஒருமுறை அப்படி எழுதினால் அடுத்த தடவை பார்வையாளர் நம்பமாட்டார்.

போன் வேலை செய்யட்டும், தகவல் தோற்கட்டும். செய்தி போய்ச் சேர்ந்தது, திறக்கவில்லை. குரல் பதிவை முதல் பத்து விநாடி கேட்டு நிறுத்திவிட்டார்கள். நோயாளியின் அந்தரங்கம் கருதி மருத்துவர் தாயிடம் சொல்லவில்லை. இவையெல்லாம் தந்தியின் இன்றைய வடிவம். தாமதத்துக்குக் காரணம் எப்போதும் ஒரு மனிதரின் சாதாரணமான, நியாயமான முடிவாக இருக்கவேண்டும்.

ரத்தம் ஏற்றும் காட்சிகளில் மட்டும் கவனம். நாவலில் லூசியை மணக்கவிருக்கும் ஆர்தர், சீவர்ட், வான் ஹெல்சிங், நண்பர் குவின்ஸி என்று நாலு பேர் லூசிக்கு ரத்தம் கொடுக்கிறார்கள், ரத்தவகை பார்ப்பதே இல்லை. ரத்தவகைகள் கண்டறியப்பட்டது 1901-இல்தான், நாவலுக்கு நாலு வருடம் கழித்து. 1897-லேயே வைத்தால் அப்படியே எடுக்கலாம். இன்றைக்கு என்றால் அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டு அதைவிட நல்லதொன்றை வைக்கலாம்: ஹீமோகுளோபின் சார்ட். ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் உயரும். இரவு 6.5, இரண்டு யூனிட் ஏற்றியபின் 8.4, காலையில் 6.1. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று மருத்துவர் எண்டோஸ்கோபி எழுதுவார், ஸ்கேன் எழுதுவார், சிவப்பணு உடைகிறதா என்று சோதனை எழுதுவார். எல்லாம் சுத்தமாக வரும். படுக்கையில் ஒரு துளி கறை இல்லை. அந்தக் காகிதத்தில் ஏறி இறங்கும் கோடுதான் பிரபுவின் காலடித்தடம். கழுத்துக் காயத்தை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள், அதற்கு முன்னாலேயே கழுத்தின் பெரிய ரத்தநாளத்தில் ஊசிக் குழாய் போட்ட தடயமாக அதைக் குறிப்பேட்டில் ஒரு நர்ஸ் எழுதிவைக்கட்டும்.

50 பெட்டி மண்ணும் அப்படித்தான். பல நாடுகளில் வெளிநாட்டு மண்ணை இறக்குமதி செய்ய தாவர நோய்த்தடுப்பு அனுமதி வேண்டும். அனுமதி விண்ணப்பம், சரக்குப் பட்டியல், குடோன் ரசீது என்று பிரபு காகிதத்தில் தடயம் விட்டுக்கொண்டே போவார். மீனா ஓர் ஆவணத் தணிக்கையாளர் என்று வைத்தால் வேலை கச்சிதம்.

பிபிசி-நெட்ஃப்ளிக்ஸ் 2020 தொடர் வேறு வழியில் போனது. தலா ஒன்றரை மணி நேரம், மூன்று எபிசோட், பிரபுவே மையம், மூன்றாவதில் 123 ஆண்டு தாண்டி இன்றைய லண்டன். அவர் எல்லா எபிசோடிலும் இருப்பதால் உங்கள் இரண்டாவது கேள்வி எழவே எழாது. ஆனால் பேசப்பேச அவர் நமக்குப் பிடித்தவராகிவிடுகிறார். பயம் குறைந்து அவருக்கு என்ன ஆகுமோ என்ற அக்கறை வந்துவிடுகிறது. முதல் இரண்டு எபிசோடின் இறுக்கம் மூன்றாவதில் தளர்வதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

ஆவணம் என்ற யோசனையை இன்றைக்கு மிக நன்றாகப் பயன்படுத்தியது ஏஎம்சியின் இன்டர்வியூ வித் த வேம்பயர் (2022). ஆன் ரைஸின் 1976 நாவலில், ஒரு நிருபருக்குத் தன் கதையைப் பேட்டியாகச் சொல்லும் ரத்தக்காட்டேரி லூயி 1791 காலத்துத் தோட்ட முதலாளி. தொடரில் 1910-இன் நியூ ஆர்லியன்ஸில் தொழில் நடத்தும் கறுப்பினத்தவர். அதைவிட முக்கியம், பேட்டி இரண்டாம் தடவை எடுக்கப்படுகிறது. வயதாகிப்போன அதே நிருபர், நீ அன்று சொன்னது வேறு என்று மடக்குகிறார். அதே காட்சி வேறு விதமாகத் திரும்ப வருகிறது. வாய்ஸ் ஓவர் அங்கே விளக்கமாக இல்லாமல் சாட்சியமாக நிற்கிறது, குறுக்குவிசாரணைக்கு உட்பட்ட சாட்சியம். வாய்ஸ் ஓவர் வைத்தே தீரவேண்டும் என்றால் இந்த ஒரு நிபந்தனையோடு வையுங்கள்: காட்சி அதை மறுக்க முடியவேண்டும்.

இருள்மிக்ஸ்:

எழுத்து பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். படமும் ஒலியும் பற்றி நான்.

இருட்டை எப்படி எடுப்பது என்பதில்தான் இந்த வகைத் தொடர்கள் அதிகம் அடிவாங்குகின்றன. 2019-இல் கேம் ஆஃப் த்ரோன்ஸின் இரவுப் போர் எபிசோடுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார் வந்தது நினைவிருக்கும். டி.ஐ. (படத்தின் நிறத்தையும் ஒளியையும் சரிசெய்யும் கட்டம்) அறையில் கலரிஸ்ட் பார்ப்பது இருண்ட அறையில், சரிசெய்த மானிட்டரில். வீட்டில் விளக்கு எரியும், டிவி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், ஸ்ட்ரீமிங்கில் சுருக்கும்போது இருண்ட பகுதிகளில்தான் முதலில் விவரம் போகும். பனிமூட்டமும் மெழுகுவர்த்தி ஒளி தேயும் சுவரும் படிப்படியான பட்டைகளாக உடையும்.

ஆகவே செட்டில் நல்ல எக்ஸ்போஷரில் எடுங்கள், இருட்டை டி.ஐ.யில் இறக்குங்கள். ஒவ்வொரு இருண்ட ஃப்ரேமிலும் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கட்டும்: ஜன்னல், சுடர், சட்டையின் வெள்ளைக் காலர். கண் அதை வைத்துத்தான் மீதியை இருட்டு என்று ஏற்கும். அது இல்லாவிட்டால் படம் மங்கல் என்று நினைக்கும். கிரேடிங் முடிந்ததும் ஒரு ரீலை விநாடிக்கு 3 மெகாபிட்டாகச் சுருக்கி, சாதாரண டிவியில், பகலில், திரை மூடாத அறையில் போட்டுப் பாருங்கள். பட்டை தெரிந்தால் மெல்லிய கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற துகள்கள்) சேர்க்கலாம். அதிகம் சேர்த்தால் சுருக்கத்தில் அது சேறாகிவிடும்.

ஒலியில் செய்யும் தவறு, தியேட்டருக்குப் போடுவது போல 30 ஹெர்ட்ஸ் உறுமலை நம்புவது. டிவியின் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. அதே ஒலிக்கு 150 முதல் 400 ஹெர்ட்ஸில் ஓர் அடுக்கு சேருங்கள்: மரம் முனகுவது, கயிறு இழுபடுவது, மூச்சு. திடீர் அதிர்ச்சிக்கும் வரம்பு உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் வசனத்தின் சராசரி உரப்பை −27 எல்கேஎஃப்எஸ் (உரப்பின் அலகு) என்றும், உச்சத்தை −2 டெசிபல் என்றும் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒளிபரப்பில் முழு நிகழ்ச்சியின் சராசரி −23. உரக்கக் கத்தவைக்க இடமில்லை, அதனால் அதற்கு முந்தைய எட்டுப் பத்து விநாடியைக் குறையுங்கள். அறை ஒலியையே மெல்ல வெளியே எடுத்துவிட்டால், பிறகு ஒரு கதவுத் தாழ்ப்பாள் போதும்.

மேசைவிளக்கு சொல்லாமல் விட்ட ஓர் ஒலி வாய்ப்பு ஆறாவது எபிசோடில் இருக்கிறது. பிரபுவின் ரத்தம் கலந்த மீனாவை விடியலிலும் அந்தியிலும் வான் ஹெல்சிங் ஹிப்னாடிசம் செய்து, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார். அவள் எதையும் பார்ப்பதில்லை. இருட்டு, நீர் மோதும் ஓசை, நங்கூரச் சங்கிலியின் சத்தம், தலைக்கு மேல் ஆட்கள் ஓடுவது, அவ்வளவுதான். முகத்தை மட்டும் காட்டி, பெட்டிக்குள்ளிருந்து கேட்கும் ஒலியை முழுமையாகக் கட்டுங்கள். பிரபு அங்கே இருப்பார்.

இன்னொன்று, தெளிவின்மை பற்றி. டிராகுலாவில் பேய் நிஜமா என்ற கேள்வி இல்லை. ஹென்றி ஜேம்ஸின் த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ (1898), ஒரு வீட்டில் பேய்களைப் பார்ப்பதாகச் சொல்லும் ஆசிரியையின் கதை, போன்றதை எடுப்பவர்களுக்கு அதுதான் உயிர். கேமரா பேயையும் ஆசிரியையையும் ஒரே ஃப்ரேமில், மூன்றாம் ஆள் பார்வையில் காட்டிய நொடியில் பேய் நிஜமாகிவிடும். முதலில் அவள் முகம் மாறுவது, பிறகே அவள் பார்த்தது என்று வரிசை வையுங்கள். நாவலில் ஒரு சிக்கல் இருக்கிறது: உயிரோடு தான் பார்த்திராத, இறந்துபோன வேலைக்காரன் குவின்ட்டை அவள் அங்க அடையாளத்தோடு விவரிக்க, வீட்டை நிர்வகிக்கும் திருமதி க்ரோஸ் ஆளைச் சொல்லிவிடுகிறார். அது நிஜத்துக்குச் சாதகமான வலுவான சாட்சி. 1961-இல் வந்த த இன்னசன்ட்ஸ் படத்தில் ஜன்னலில் அவனைப் பார்ப்பதற்கு முன்பே பரணில் அவனுடைய சிறு உருவப்படம் அவள் கண்ணில் படும்படி வைத்துவிட்டார்கள். ஒரு சின்னப் பொருளால் தராசு சமநிலைக்கு வந்துவிட்டது.

பதிப்புரிமை பார்ப்பவர்:

சுருக்கமாக. ஸ்டோக்கர் 1912-இல் இறந்தார், நாவலுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை, யாரும் எடுக்கலாம். ஆனால் நாவலில் இருப்பது எது, பிற்காலப் படங்கள் சேர்த்தது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளியில் பிரபு சாவது நாவலில் கிடையாது. அங்கே அவர் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார், சக்தி மட்டும் குறைகிறது. சூரியன் கொல்வது 1922-இன் ஜெர்மானிய மௌனப்படம் நோஸ்ஃபெராட்டு தந்தது. உரிமை வாங்காமல் எடுத்த அந்தப் படத்தின் மீது ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க உத்தரவும் பெற்றார். ஃப்ராங்கன்ஸ்டைனும் அப்படியே: தட்டையான தலையும் கழுத்துத் திருகாணியும் 1931-இல் யுனிவர்சலுக்காக ஜாக் பியர்ஸ் செய்த மேக்கப். மேரி ஷெல்லியின் 1818 நூலில் எட்டடி உயரம், மஞ்சள் தோல், கறுத்துப் பளபளக்கும் நீள முடி, கறுத்த உதடு. அந்த வர்ணனையை எடுங்கள், வழக்கே வராது.

1959-இல் ஷெர்லி ஜாக்சன் எழுதிய த ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ் நாவல் போன்றவை உரிமை உள்ளவை. அவர் இறந்தது 1965. ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்ற விதி உள்ள நாடுகளில் 2035 முடியும்வரை அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுத்தால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. மூல நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

ஈரமெழுத்து:

எல்லாருக்கும் நன்றி. அட்டவணை தொடங்கிவிட்டேன், காலம் 1897-லேயே இருக்கட்டும் என்றும் முடிவு. ஒரு சந்தேகம். மீனாவின் முதல் கடிதம் மே 9, லூசி மூன்று பேர் கல்யாணம் கேட்டதை எழுதுவது மே 24. ஹார்க்கர் அப்போது கோட்டையில் கைதி. இரண்டையும் முதல் எபிசோடில் மாற்றி மாற்றி வெட்டலாமா?

ரீல்பெட்டி:

வெட்டலாம். லூசி சிரித்துக்கொண்டு கடிதம் எழுதுவதும் அங்கே ஹார்க்கர் மீனாவுக்கு எழுதிய கடிதத்தைப் பிரபு விளக்கில் காட்டி எரிப்பதும் அடுத்தடுத்து வந்தால் நல்ல இழுவை இருக்கும். பெண்கள் இருவரையும் இரண்டாவது எபிசோட் வரை தள்ளினால் பார்ப்பவருக்கு அவர்களோடு பழக நேரம் போதாது.

மேசைவிளக்கு:

எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்துக்கு வெட்டும் ஒவ்வொரு தடவையும் பார்வையாளர் கோட்டையை விட்டு வெளியே வந்து மூச்சு வாங்குகிறார். ஹார்க்கருக்கு அந்த மூச்சு கிடையாது. கதவு எல்லாம் பூட்டியிருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்கும் கணத்திலிருந்து 50-ஆவது நிமிடம் வரை நாமும் உள்ளேயே இருக்கவேண்டும். பெண்களோடு பழக நேரம் வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கு வழி, முதல் எபிசோடை ஹார்க்கர் சுவரில் இறங்கத் துணியும் இடத்தில், அவர் பிழைத்தாரா என்று சொல்லாமலே முடித்துவிட்டு, இரண்டாவதை மே 9-க்குப் பின்னோக்கித் தொடங்குவது. ஸ்டோக்கர் ஐந்தாம் அத்தியாயத்தில் செய்வதும் அதுவே. மீனா சுருக்கெழுத்துப் பழகிக்கொண்டு, ஜோனதனிடமிருந்து அவசரமாக எழுதிய சில வரிகள் வந்ததைச் சொல்லி, அவர் சீக்கிரம் திரும்புவார் என்று எதிர்பார்ப்பதில் தொடங்குங்கள். அவர் என்ன ஆனார் என்று அவளுக்குத் தெரியாது, நமக்கும் பாதிதான் தெரியும். அட்டவணையில் மே 9-ஆம் தேதி வரிசையில் மீனாவின் கட்டத்தில், நம்புவது என்ற இடத்தில், "ஜோனதன் நலம், ஒரு வாரத்தில் திரும்புவார்" என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது எபிசோடில் அவள் வரும் ஒவ்வொரு காட்சியையும் அதை வைத்தே எழுதிவிடலாம்.